கொக்கோ மரமும் கண்ணுக்குத் தெரியாத நோயும்

2024ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஒரு டன் கொக்கோவின் விலை 10,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் பருவம் தப்பிய மழை, வயதாகிப்போன தோப்புகள் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வைரஸ், நம் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படவில்லை. அதைக் கண்டுபிடிப்பதில் உள்ள சங்கடமே இக்கட்டுரையின் பொருள்.

கொக்கோவின் தாயகம் தென் அமெரிக்கா. இன்று கானா என்று அழைக்கப்படும் கோல்டு கோஸ்டில் இப்பயிர் பரவக் காரணமாக இருந்தவர் டெட்டே குவார்ஷி. 1879இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து அவர் விதைகளைக் கொண்டுவந்தார். 1911இல் அந்நாடு உலகிலேயே அதிகம் கொக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1936இல், கோஃபொரிடுவா வட்டாரத்து மரங்களில் ஒரு விநோத நோய் தென்பட்டது. தண்டுகள் ஆங்காங்கே முடிச்சுப்போல் வீங்கின. மரங்கள் கருகிச் செத்தன. 1940இல் போஸ்நெட் என்ற ஆராய்ச்சியாளர், நோயுற்ற மரத்தின் துண்டை நல்ல செடியில் ஒட்டுக்கட்டி, நோய் அதற்கும் தாவுவதைக் காட்டினார். இது வைரஸ் நோய் என்று அதன்பின் தெளிவாயிற்று. 'வீங்கிய தண்டு நோய்' என்ற பெயரும் நிலைத்தது.

இதன் முதல் அடையாளம் வீக்கமன்று, இளந்தளிர். தளிரின் நரம்பையொட்டிச் சிவப்புக் கோடு ஓடும். இலை முற்றியதும் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். ஆகவே தளிர்விடும் பருவத்தில் தோப்பில் நடப்பவனுக்குத்தான் அது கண்ணில் படும். பின்பு இலையில் மஞ்சள் திட்டுகள் வரும், தண்டும் வேரும் வீங்கும், காய்கள் சிறுத்து உருண்டையாகும். கடுமையான வகை தாக்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் போய்விடும்.

நோயைச் சுமப்பது மாவுப்பூச்சி. நம் செம்பருத்திச் செடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அந்த இனம்தான். கிளைக்குக் கிளை ஊர்ந்து பக்கத்து மரத்துக்குப் போகும். குஞ்சுகளைக் காற்றும் தூக்கிச் செல்லும். பூச்சி சுரக்கும் தேன் போன்ற நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு: கொக்கோ வருவதற்கு முன்பே இந்த வைரஸ் அக்காட்டு மரங்களில் வாழ்ந்து வந்தது. அம்மரங்களில் ஒன்று இலவம். இலவு காத்த கிளியை நாம் அறிவோம். அங்கே இலவம் காத்து வைத்திருந்தது வைரஸை.

சரி, நோயுற்ற மரத்தை வெட்டிவிட்டால் தீராதா? இங்கேதான் சிக்கல். வைரஸ் புகுந்த மரம் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கும் மேல், பச்சைப்பசேல் என்று நிற்கும். அந்த நாட்களிலேயே அது பிற மரங்களுக்கு நோயைத் தரவும் வல்லது. எனவே ஆய்வாளர்கள் வரிசை வரிசையாக நடந்து, அடையாளம் தெரிந்த மரங்களைக் குறித்து, அவற்றைச் சுற்றியுள்ள, நோய்க்குறி ஏதுமில்லாத மரங்களையும் சேர்த்து வெட்டும் முறை ஏற்பட்டது. பின்பு திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். விட்ட இடத்தில் நோய் மறுபடி தலைகாட்டும்.

1946இல் அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கியது. விவசாயியின் நிலையில் நின்று பாருங்கள். காய்த்துக் குலுங்கும் மரம். அதில் நோய் இருக்கிறது என்று வேற்று நாட்டு அதிகாரி சொல்கிறார். நிரூபித்துக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. 1948 பிப்ரவரியில் அக்ராவில் கலவரம் மூண்டபோது, விசாரணைக் குழு எடுத்துரைத்த மக்கள் குறைகளில் இந்த மரவெட்டும் ஒன்று. கட்டாய வெட்டு சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. அறிவியல் அதிகாரிகள் பக்கமே இருந்தது என்றாலும், அந்த விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1946 முதல் இன்றுவரை கானாவில் வெட்டப்பட்ட மரங்கள் 20 கோடிக்கும் மேல். நோய் ஒழியவில்லை. பக்கத்து நாடான ஐவரி கோஸ்டிலும் 2003இல் புதிதாகத் தலைதூக்கியது.

நிரூபிக்கும் கருவி மெல்லத்தான் வந்தது. தொடக்கத்தில் சோதனைக்கூடம் என்றால் நாற்றுதான்: சந்தேகப்பட்ட மரத்தின் சாற்றை மாவுப்பூச்சிக்கு ஊட்டி, முளைவிட்ட விதையில் விட்டு, சில வாரங்கள் காத்திருந்தார்கள். பின்னர் எலிசா சோதனை வந்தது. ஆனால் கொக்கோ இலையில் பசையும் துவர்ப்பும் மிகுதி, வைரஸோ குறைவு, முடிவு தடுமாறியது. 1993இல் இந்த வைரஸின் சுமார் 7,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டது. அதன்பின் பி.சி.ஆர். சோதனை கைகொடுத்தது, கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே முறை. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை. கொக்கோவைத் தாக்கும் இக்குடும்ப வைரஸ்களில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு என்று 2018இல் தெரியவந்தது. ஓர் இனத்துக்கென்று வடித்த சோதனை மற்றோர் இனத்தைக் கோட்டைவிடும். 'வைரஸ் இல்லை' என்று தாளில் வந்தால், 'நாம் தேடிய வைரஸ் இல்லை' என்றே பொருள் கொள்ள வேண்டும்.

நமக்கும் இதில் அக்கறை உண்டு. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், பொள்ளாச்சி வட்டாரம் எங்கும் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே கொக்கோ நிற்கிறது. 2018இல் அறியப்பட்ட இனங்களுள் ஒன்று இலங்கைக் கொக்கோவில் கிடைத்து, அந்நாட்டின் பெயரையே பெற்றது. ஒட்டுக்குச்சி ஒன்று போதும், நோய் கடல் தாண்டிவிடும். அதனால்தான் ஒரு நாட்டின் கொக்கோ ரகத்தை இன்னொரு நாட்டுக்கு அனுப்புமுன், கொக்கோவே விளையாத இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக் கண்ணாடிக்கூடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். எளிதில் நோய்க்குறி காட்டும் அமெலொனாடோ நாற்றில் அதை ஒட்டுக்கட்டி, தளிருக்குத் தளிர், இரண்டு ஆண்டுகள் நரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பது அங்கே கடைப்பிடித்துவந்த முறை.