புதிய இனமொன்றை இனங்காணலும் பெயரிடலும் – ஒட்டுண்ணிக் குளவிகள்



அங்கிகளின் பாகுபாடு என்ற அலகைப் பலர் மனனம் செய்து மட்டும் பரீட்சைக்குச் செல்கின்றனர். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று ஒழுங்காக ஒப்புவிப்பர். ஆனால் "அங்கிகளுக்கு விஞ்ஞானப் பெயரிடுவதன் முக்கியத்துவம் யாது?" என்று கேட்டால் பேனை நின்றுவிடும். அவ்வினாவுக்கு விளங்கி விடை எழுத உதவுவதே இப்பாடத்தின் நோக்கமாகும். எமது திருகோணமலை மண்ணோடு தொடர்புள்ள ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. ஒட்டுண்ணிக் குளவி என்றால் என்ன?

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியை நீங்கள் அறிவீர்கள். ஆனால் குளவிகளிற் பெரும்பாலானவை கூடு கட்டுவதில்லை. அவை வேறொரு பூச்சியின் முட்டை, குடம்பி அல்லது கூட்டுப்புழுவின் மீதோ உள்ளேயோ முட்டையிடுகின்றன. வெளிவரும் குளவிக் குடம்பி அந்த விருந்துவழங்கியை உண்டே வளர்கிறது. வளர்ந்து முடியும்போது விருந்துவழங்கி இறந்துவிடும். நிறைவுடலிக் குளவி பறந்து சென்று சுதந்திரமாக வாழும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்.

- பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் பொதுவாக விருந்துவழங்கியைக் கொல்வதில்லை.
- இரைகௌவி தன் வாழ்நாளில் பல இரைகளைக் கொல்லும்.
- ஒட்டுண்ணிக் குளவியின் குடம்பி பொதுவாக ஒரே விருந்துவழங்கியில் வளர்ந்து, இறுதியில் அதனைக் கொல்லும்.

இக்குளவிகள் தேனீ, எறும்பு ஆகியவற்றுடன் கைமெனொப்தெரா என்னும் வருணத்தில் அடங்கும். அவற்றுள் இக்னியூமொனிடே என்ற ஒரு குடும்பத்தில் மாத்திரம் ஏறத்தாழ 25,000 இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. பெயரிடப்படாதவை இன்னும் ஏராளம்.

2. திருகோணமலையும் குளவிகளும்

1890களின் தொடக்கத்தில் யேர்பரி என்ற பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி திருகோணமலையிற் பணியாற்றினார். துறைமுகத்தைக் காவல் செய்யும் படையில் இருந்தவர் ஓய்வு நேரத்திற் பூச்சிகளைச் சேகரித்தார். அவர் சேகரித்த குளவிகள் சிலவற்றைப் பீற்றர் கமரன் என்ற ஆய்வாளர் புதிய இனங்களாக விவரித்தார். யேர்பரியின் பெயர் இன்றும் சில பூச்சிகளின் இனப்பெயரில் "யேர்பரியி" என நிலைத்திருக்கிறது.

பின்னர் 1970களில், அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் இலங்கைப் பூச்சிகள் பற்றிய பெருந்திட்டமொன்றை நடத்தியது. அதனை முன்னின்று நடத்தியவர் கார்ல் குரொம்பைன் (1912 – 2005). அத்திட்டத்திற் சேகரிக்கப்பட்ட பல மாதிரிகளின் சிட்டைகளில் "திருகோணமலை மாவட்டம், சீனக்குடா, ரிட்ஜ் பங்களா" என்ற இடப்பெயரைக் காணலாம். ஆம், நாம் பஸ்ஸிற் கடந்து செல்லும் அதே சீனக்குடாதான்.

1983 இல் குரொம்பைன் வெளியிட்ட நூலொன்று, குச்சிப்பூச்சிகளின் முட்டைகளில் வளரும் மிகச் சிறிய குளவிகளைப் பற்றியது. குச்சிப்பூச்சியின் முட்டை ஒரு விதையைப் போன்று நிலத்தில் விழுந்து கிடக்கும். அதைத் தேடி நடக்கும் இக்குளவிகளிற் சில எறும்பைப் போலவே தோன்றும். சிலவற்றின் பெண்களுக்கு இறக்கைகள் குறுகியிருக்கும், அல்லது இல்லாதிருக்கும். இக்கூட்டத்திற்கு அவர் சூட்டிய சாதிப் பெயர்களுள் "செரெண்டிபுலா", "மகிந்தா" என்பன அடங்கும். முன்னையது செரெண்டிப் என்ற எமது நாட்டின் பழைய பெயரிலிருந்து வந்தது.

3. புதிய இனம் என எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்?

படி 1 – சேகரித்தல்: கூடாரம் போன்ற மலேய்ஸ் பொறி, சவர்க்கார நீர் ஊற்றிய மஞ்சள் நிறத் தட்டு, கைவலை என்பன பயன்படும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடம், திகதி, சேகரித்தவர் பெயர் எழுதிய சிட்டை இணைக்கப்படும். சிட்டையற்ற மாதிரிக்கு ஆய்வுப் பெறுமதி மிகக் குறைவு.

படி 2 – குடும்பம், சாதி அறிதல்: நுணுக்குக்காட்டியின் கீழ் உணர்கொம்பின் துண்டங்கள், இறக்கை நரம்புகளின் ஒழுங்கு, முட்டையிடும் உறுப்பின் நீளம் முதலியன நோக்கப்படும். இங்கே இணைக்கவர்ச்சுட்டி பயன்படுகிறது.

படி 3 – ஒப்பிடல்: அதே சாதியில் ஏற்கெனவே பெயரிடப்பட்ட இனங்களின் விவரணங்களோடும், நூதனசாலைகளில் உள்ள மாதிரிகளோடும் ஒப்பிடுவர். நிறமோ பருமனோ சற்று வேறுபடுவது மட்டும் போதாது. ஆண், பெண் வேறுபாட்டால் ஏமாந்து ஒரே இனத்திற்கு இரண்டு பெயர் சூட்டியவர்களும் உண்டு. இன்று டீ.என்.ஏ ஒப்பீடும் துணைசெய்கிறது.

படி 4 – பெயர்தாங்கும் மாதிரியைத் தெரிதல்: ஒரே ஒரு மாதிரி "ஹோலோடைப்" எனக் குறிக்கப்பட்டு நூதனசாலையிற் பேணப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அம்மாதிரியே தீர்ப்புச் சொல்லும்.

படி 5 – பெயரிட்டு வெளியிடல்: ஏனைய இனங்களிலிருந்து வேறுபடும் இயல்புகளை எழுதி, படங்களுடன் வெளியிட வேண்டும். வெளியிடப்படாத பெயர் செல்லுபடியாகாது. விலங்குகளின் பெயரீடு 1758 இல் லினேயஸ் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பைத் தொடக்கமாகக் கொள்கிறது.

4. மாதிரி இணைக்கவர்ச்சுட்டி

தரப்பட்டவை: இலையான், தேனீ, இக்னியூமன் குளவி, வேலையாள் எறும்பு

1 அ. இறக்கைகள் இல்லை – வேலையாள் எறும்பு
1 ஆ. இறக்கைகள் உண்டு – 2 இற்குச் செல்க
2 அ. ஒரு சோடி இறக்கை – இலையான்
2 ஆ. இரு சோடி இறக்கைகள் – 3 இற்குச் செல்க
3 அ. பின்கால்கள் அகன்று மகரந்தம் காவத்தக்கவை – தேனீ
3 ஆ. பின்கால்கள் மெல்லியவை, உணர்கொம்புகள் நீண்டவை – இக்னியூமன் குளவி

கவனிக்க: "பெரியது – சிறியது" போன்ற தெளிவற்ற சோடிகளை எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். இச்சுட்டி தரப்பட்ட நான்கிற்கு மட்டுமே பொருந்தும். இறக்கையற்ற குளவிகளும் உண்டு என்பதை மேலே கண்டோம்.

5. பெயர் தெரிவதால் என்ன பயன்?

மலையகத் தேயிலையில், இலைகளை நூலால் ஒட்டிவைத்து உண்ணும் டோற்றிக்ஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு பெருஞ் சேதம் விளைவித்தது. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. 1938 இல் அதற்கு மக்ரோசென்றஸ் ஹோமோனே எனப் பெயரிடப்பட்டது. ஹோமோனா என்பது அந்த அந்துப்பூச்சியின் சாதிப் பெயர். குளவி பெருகியது, புழு அடங்கியது.

ஆனால் 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டில்ட்ரின் என்ற நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குளவியையும் அழித்தது. அடங்கியிருந்த டோற்றிக்ஸ் புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடையை விரட்டப் போய் மற்றொன்றை வரவழைத்த கதை இது.

அண்மைய உதாரணம் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி. 2008 இல் அது இலங்கையிற் கண்டறியப்பட்டது. அதனைக் கட்டுப்படுத்தும் அசெரொபாகஸ் பப்பாயே என்ற நுண்ணிய குளவி 2003 இலேயே பெயரிடப்பட்டு விவரிக்கப்பட்டிருந்தது. ஆகவே 2009 இல் அதனைப் புவேட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட முடிந்தது. எந்தக் குளவி எந்தப் பூச்சியைத் தாக்கும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். பெயர் தவறினால் வேறொரு குளவி வரும், தோட்டமும் அழியும்.

கப்பல் வந்துபோகும் துறைமுகப் பிரதேசத்தில் வாழும் எமக்கு இது தூரத்துக் கதை அல்ல. சரக்குடன் புதிய பீடைகளும் வரலாம். அவற்றின் இயற்கை எதிரி எமது பற்றைக்காட்டிலேயே பெயரில்லாமல் இருக்கவும் கூடும். 2009 வரை நீடித்த போரினால் எமது காடுகளுக்குள் சென்று தேடுவது இலகுவாக இருக்கவில்லை. அந்த வேலையில் ஒரு பங்கு உங்கள் தலைமுறைக்கு எஞ்சியிருக்கிறது.

6. ஞாபகத்திற் கொள்க

- விஞ்ஞானப் பெயரில் முதற்சொல் சாதி. ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது அதன் முதலெழுத்து பெரியதாதல் வேண்டும். இரண்டாஞ்சொல் சிறிய எழுத்தில் தொடங்கும்.
- கையால் எழுதும்போது இரு சொற்களையும் தனித்தனியே அடிக்கோடிடுக.
- இனப்பெயர் விருந்துவழங்கி, இடம், நபர், இயல்பு ஆகியவற்றைக் குறிக்கலாம்.

7. பயிற்சி வினாக்கள்

1. ஒட்டுண்ணிக் குளவிக்கும் பேனுக்கும் இடையிலான ஒரு வேறுபாடு தருக.
2. சேகரித்த மாதிரியின் சிட்டையில் இருக்கவேண்டிய மூன்று தகவல்கள் யாவை?
3. டில்ட்ரின் தெளித்தபின் டோற்றிக்ஸ் புழு பெருகியதேன்?

விடைக் குறிப்பு

1. குளவிக் குடம்பி விருந்துவழங்கியைக் கொல்லும். பேன் பொதுவாகக் கொல்லாது.
2. இடம், திகதி, சேகரித்தவர் பெயர்.
3. புழுவின் இயற்கை எதிரியான குளவி நஞ்சினால் அழிந்தமையால்.

இனி உங்கள் வீட்டுப் பப்பாசி இலையின் கீழ் நுளம்பைவிடச் சிறிய பூச்சியொன்று ஊர்ந்தால், மருந்து தெளிக்குமுன் கைவில்லையால் ஒருமுறை பாருங்கள். அது உங்களுக்காக வேலை செய்வதாகவும் இருக்கலாம்.