முருங்கைக்காயும் மூன்று மாதக் கணக்கும்

"ஏதாவது விசேஷம் உண்டா?" கல்யாணமான மூன்றாம் மாதமே தொடங்கிவிடுகிற கேள்வி இது. கேட்பவரின் கண் போவது மருமகளின் வயிற்றுக்கு. ஓராண்டு கடந்தால் அவளுக்கு ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று வரிசையாக நடக்கும். நடுவில் திருக்கருகாவூர் கோயில் நெய், செவ்வாய்க்கிழமை விரதம். கணவனின் முறை இதெல்லாம் முடிந்த பிறகு வரும். சில வீடுகளில் வருவதே இல்லை. இத்தனைக்கும் வலியில்லாதது, செலவு குறைந்தது, ஒரே நாளில் முடிவது அவனுடைய பரிசோதனைதான். ஒரு சிறு டப்பாவும் ஒரு மைக்ராஸ்கோப்பும் போதும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. தனியாகவோ, மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ. அப்படியிருந்தும் அவன் பரிசோதனைக்கு வராததற்குப் பின்னால் சில நம்பிக்கைகள் நிற்கின்றன.

நம்பிக்கை: "தாம்பத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் என்ன டெஸ்ட்?"

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய். விறைப்பு என்பது ரத்தக்குழாயும் நரம்பும் செய்யும் வேலை. விந்தணு உற்பத்தி என்பது விதைகளுக்குள் நடக்கும் வேறொரு வேலை. முதலாவது நன்றாக நடப்பது இரண்டாவதைப் பற்றி எதையும் சொல்லாது. வெளிவரும் திரவத்தின் அளவையும் கெட்டித்தன்மையையும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்களும் உண்டு. அந்தத் திரவத்தில் பெரும்பங்கு விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது. விதைகளிலிருந்து வருவது நூற்றில் ஐந்து பங்கு அளவுக்குத்தான்.

இதற்கு நம் கண்முன்னே இருக்கும் சாட்சி வாசக்டமி. அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு விந்தில் விந்தணு வராது. ஆனால் ஆசை, விறைப்பு, இன்பம், திரவத்தின் அளவு எதிலும் மாற்றம் தெரியாது. இந்த விஷயம் ஊருக்குப் புரியாததால்தான், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பெண்கள் கருத்தடை அறுவை 37.9 சதவீதமாகவும் ஆண்கள் கருத்தடை அறுவை 0.3 சதவீதமாகவும் நிற்கிறது. பிள்ளை வேண்டாம் என்றாலும் அவள்தான் ஆபரேஷன் மேசையில் படுக்க வேண்டும், வேண்டும் என்றாலும் அவள்தான்.

நூறு ஆண்களில் ஒருவருக்கு விந்தில் ஒரு விந்தணுகூட இருப்பதில்லை. சிலருக்கு உற்பத்தி சரியாக இருக்கும், குழாய் அடைத்திருக்கும், அல்லது பிறவியிலேயே குழாய் உருவாகாமல் போயிருக்கும். சிலருக்கு உற்பத்தியிலேயே கோளாறு. குரோமோசோமில் ஒரு எக்ஸ் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம். இவர்களில் பலர் நன்கு மீசை முளைத்து, நல்ல தாம்பத்தியம் நடத்துகிறவர்கள். பிள்ளைக்காகப் பரிசோதிக்கும் நாள் வரை அவர்களுக்கு எதுவும் தெரியாது. முதல் குழந்தை சிக்கலின்றிப் பிறந்தது என்பதும் உத்தரவாதம் அல்ல. அதற்குப் பின் வந்த நோயும், ஏறிய எடையும், பழகிய சிகரெட்டும் கணக்கில் சேரும்.

நம்பிக்கை: "சின்ன வயசுக் கைப்பழக்கத்தால் எல்லாம் வீணாகிவிட்டது."

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்களும், நள்ளிரவுத் தொலைக்காட்சி வைத்தியர்களும் இதை வைத்தே பிழைக்கிறார்கள். கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி என்று மூன்று சொல்லில் பயத்தைக் கிளப்பி, நான்காவது சொல்லில் லேகியத்தை விற்றுவிடுவார்கள். ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்ற கணக்கும் கூடவே வரும். துளிகளின் எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். விந்து போவதால் உடம்பு தேய்கிறது என்ற இந்தப் பயமே ஒரு நோயாகி ஆளை வாட்டுவதைக் கண்டு, இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் அதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். அவரிடம் வந்தவர்களின் சோர்வு நிஜம். காரணம்தான் அவர்கள் நினைத்தது அல்ல.

விதைகள் ஒவ்வொரு நொடியும் ஆயிரம் விந்தணுக்கள் என்ற வேகத்தில் உற்பத்தி செய்கின்றன. வெளியேறாதவை பழசாகிச் சிதைந்து உடம்பிலேயே கரைந்துபோகும். கல்யாணத்துக்கு முன் தீர்ந்துபோக இது உண்டியல் காசு அல்ல.

இந்த நம்பிக்கையின் இன்னொரு முகம்தான் நேரடியாகக் கெடுதல் செய்வது. டாக்டர் குறித்துக் கொடுத்த அந்த ஒரு நாளுக்காக இரண்டு வாரம் 'சேமித்து' வைக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். நாள் தள்ளிப்போகப் போக எண்ணிக்கை ஏறும், உண்மைதான். ஆனால் தேங்கிக் கிடந்த விந்தணுக்களின் ஓட்டம் குறையும், அவற்றின் மரபணுவில் சேதமும் கூடும். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறையோ தினமுமோ சேர்வதுதான் மருத்துவர்கள் சொல்வது.

நம்பிக்கை: "ஜிம் உடம்புக்காரனுக்கு இந்தப் பிரச்சினையே வராது."

வருகிறது. அளவான உடற்பயிற்சி விந்தணுவுக்கு நல்லது, தொப்பை கெட்டது, அதில் சர்ச்சை இல்லை. கேடு வருவது ஊசி வழியாக. தசை ஏற்றுவதற்காகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோனும் அதன் வகையறா ஸ்டீராய்டுகளும் ரத்தத்தில் ஏறியதும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'சரக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது' என்று முடிவு செய்து, விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு வளர்வதற்கு விதைக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். உத்தரவு நின்றதும் அது வறண்டுபோகும். வெளியே புஜம் பருக்கும், உள்ளே விதை சுருங்கும்.

இது எவ்வளவு உறுதியான விளைவு என்றால், உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. பல நாட்டு ஆண்கள். முடிவுகள் 1990-இல் வெளியாயின. பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. பிள்ளை வேண்டும் என்பவர் காசு கொடுத்து அதே மருந்தைப் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் என்ன சொல்வது! நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள். சிலருக்கு இரண்டு ஆண்டு ஆகலாம். நாற்பது வயதுச் சோர்வுக்கு மருத்துவரே ஹார்மோன் எழுதிக் கொடுத்தாலும், இன்னும் பிள்ளை வேண்டும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: "முருங்கைக்காய், பாதாம், துத்தநாக மாத்திரை. கவுன்ட் தானாக ஏறும்."

1983-இல் 'முந்தானை முடிச்சு' படம் வந்ததிலிருந்து முருங்கைக்காய் சாம்பாரைச் சிரிக்காமல் பரிமாற முடியாத வீடுகள் உண்டு. காயின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதனால் பிள்ளை பிறக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, அவ்வளவுதான்.

மாத்திரையின் கதை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் 2,370 ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2020-இல் வந்த முடிவு: குழந்தை பிறப்பில் வித்தியாசம் இல்லை, எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் முன்னேற்றம் இல்லை. மாத்திரை சாப்பிட்டவர்களின் விந்தணுக்களில் மரபணுச் சேதம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வயிற்றுக்கோளாறும் அவர்களுக்குத்தான் அதிகம். பாதாமுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் இருக்கிறது. ஸ்பெயினில் ஆரோக்கியமான இளைஞர்களுக்குப் பாதாம், வால்நட், ஹேசல்நட் கலந்து நாளுக்கு 60 கிராம் வீதம் 14 வாரம் கொடுத்ததில் எண்ணிக்கையும் ஓட்டமும் கூடின. ஆனால் அவர்கள் குழந்தையின்மைக்கு வந்தவர்கள் அல்ல, பிள்ளை பிறந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவும் இல்லை.

நம்பிக்கை: "ஜட்டி, லேப்டாப், பாக்கெட்டில் போன். இதுதான் காரணம்."

பாதி உண்மை. விதைகள் உடம்புக்கு வெளியே இருப்பதே, உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூட்டில் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. பாஸ்டனில் கருத்தரிப்பு மையத்துக்கு வந்த 656 ஆண்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், தளர்வான உள்ளாடைக்காரர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் இறுக்கமாக அணிந்தவர்களின் சராசரியும் இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது. ஏற்கெனவே கவுன்ட் குறைவாக உள்ளவர் வேட்டிக்கு மாறலாம், நஷ்டமில்லை. போனைப் பற்றி: 2,886 சுவிட்சர்லாந்து இளைஞர்களை ஆராய்ந்த முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு இருபது தடவைக்கு மேல் போனை எடுப்பவர்களுக்கு அடர்த்தி குறைவு. பாக்கெட்டில் வைப்பதற்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை.

சூட்டில் உண்மையான வில்லன் காய்ச்சல். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாள், பிறகு விதையை ஒட்டிய சுருள்குழாயில் பயணம் செய்து பக்குவப்பட ஒன்றிரண்டு வாரம். மொத்தம் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் வந்த டெங்குக் காய்ச்சலின் அடையாளம் புரட்டாசி ரிப்போர்ட்டில் தெரியும். சிகரெட்டை விட்டு ஒரு மாதத்தில் மாற்றம் தேடுவதும் இதே காரணத்தால் வீண். எந்தச் சிகிச்சையும் தன் பலனைக் காட்ட மூன்று மாதம் கேட்கும். "பதினைந்தே நாளில்" என்று யாராவது சொன்னால் அவர் இந்தக் கணக்கைப் படிக்காதவர், அல்லது படித்தவர்.

நம்பிக்கை: "எல்லாம் டென்ஷன்தான்."

டென்ஷன் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், அதனால் இந்தச் சொல் வசதியானது. அதைவிட, 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்பது பயனுள்ளது. 1977-இல் கலிஃபோர்னியாவின் லாத்ராப் என்ற ஊரில், மண்ணில் இருக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. மருந்து தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, பலருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்பது தெரியவந்தது. பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அதுவரை ஒவ்வொருவரும் அதைத் தன் வீட்டு விதி என்று நினைத்திருந்தார்கள். ஈயம் புழங்கும் பேட்டரிப் பட்டறை, பூச்சிமருந்துத் தெளிப்பு, உலைக்களம், நாள் முழுக்க அடுப்படி: இவற்றை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். புகையிலையும் குடியும் இந்தப் பட்டியலில் உண்டு.

நம்பிக்கை: "ஆம்பளைக்கு வயசு ஏது?"

உண்டு. பெண்ணுக்குப்போல் ஒரு வயதில் கதவு அடைபடுவதில்லை. ஆனால் நாற்பதுக்குப் பின் அளவும் ஓட்டமும் இறங்குகின்றன. ஐஸ்லாந்துக் குடும்பங்களின் மரபணுவை ஆராய்ந்த 2012 ஆய்வு, தந்தையின் வயதில் கூடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் குழந்தைக்குச் சுமார் இரண்டு புதிய மரபணு மாற்றங்கள் கூடுதலாகப் போகின்றன என்று காட்டியது.

நம்பிக்கை: "ரிப்போர்ட்டில் கவுன்ட் கம்மி. அவ்வளவுதான், முடிந்தது."

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழெல்லை: ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு, ஓட்டமுள்ளவை 42 சதவீதம், சரியான வடிவமுள்ளவை 4 சதவீதம். இந்த 4 சதவீதத்தைப் பார்த்துத்தான் பலர் உடைந்துபோகிறார்கள். நூற்றில் 96 விகாரமாக இருந்தாலும் அது இயல்பு எல்லைக்குள்தான். இந்த எல்லைகள் எப்படி வந்தன? ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைச் சோதித்து, அவர்களில் கீழ்க்கோடியில் இருந்த 5 சதவீதத்தினர் நின்ற இடத்தில் கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கீழேயும் தந்தையர் இருக்கிறார்கள், மேலேயும் குழந்தையில்லாதவர் இருக்கிறார்கள்.

ஒரே ரிப்போர்ட்டில் தீர்ப்பு எழுதக் கூடாது. சில வாரம் விட்டு இன்னொன்று பார்க்க வேண்டும். பிறகு விதைப்பையைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கும் மருத்துவர் வேண்டும். விதைப்பையில் ரத்தநாளம் புடைத்துச் சுருண்டிருக்கும் வெரிகோசீல் நூற்றுக்குப் பதினைந்து ஆண்களிடம் உண்டு, பலருக்கும் அதனால் கெடுதல் இல்லை. குழந்தையின்மைக்கு வருபவர்களிடம் அது முப்பத்தைந்து, நாற்பது சதவீதம்; பொருத்தமானவர்களுக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். மிகக் குறைந்த கவுன்டுக்கும் வழி உண்டு: ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் பிறந்த முதல் குழந்தைகளைப் பற்றிய அறிக்கை பிரஸ்ஸல்ஸிலிருந்து 1992-இல் வந்தது. விந்தில் எதுவும் இல்லாவிட்டாலும், சிலருக்கு விதையிலிருந்தே எடுக்க முடிகிறது.

பரிசோதனைக்குப் போகிறவருக்கு: இரண்டு முதல் ஏழு நாள் உறவோ சுயஇன்பமோ வேண்டாம். சாதாரண ஆணுறையில் சேகரிக்காதீர்கள், அதன் மசகு விந்தணுவைக் கொல்லக்கூடும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் உடல் சூட்டிலேயே லேபுக்குச் சேர வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முதலில் வெளிவரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம். அது போய்விட்டால் ரிப்போர்ட் உங்களைப் பற்றியதாக இருக்காது.