பழைய நாற்காலியைப் புதுசாக்கலாம் வாங்க



ரமணாசிரமம் பகுதியில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வெளிநாட்டினரும் வெளியூர்க்காரர்களும் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது கட்டில், மேசை, நாற்காலியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். “அதை வாங்கிச் சரிபண்ணி விக்கலாமா?” என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். முதலில் ஒரே ஒரு நாற்காலியில் கை பழகுவோம்.

வாங்கும்போது நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் பொய் சொல்லாது. சின்னச் சின்ன ஓட்டை இருந்து, தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா? அது உளுத்த மரம். தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, அந்த நாற்காலி வேண்டாம். மூட்டைப்பூச்சி இருந்தால் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி நல்ல வெயிலில் காயவையுங்கள். தூள் பலகையில் செய்த சாமானுக்கு இந்த வைத்தியம் ஆகாது, ஊறி உப்பிவிடும். அதை வாங்காமல் இருப்பதே நல்லது. ஆடுகிற கால் பெரிய குறை இல்லை. கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பெவிகால் தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஆணி மட்டும் அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும்.

அடுத்தது பெயிண்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் அடித்த பழைய சாமானில் ஈயம் இருக்கலாம். 2017 நவம்பர் 1 முதல்தான், வீட்டு பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உலர்ந்தபடியே தேய்த்தால் தூசி பறந்து தரையில் படியும். தவழும் குழந்தை அதில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். வயிற்றில் இருக்கும் சிசுவையும் பாதிக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முந்தானையால் மூக்கை மூடினால் போதாதுங்க. நெருப்பு காட்டிப் பெயிண்டை எரிக்கவும் கூடாது. கர்ப்பிணிகள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். எங்கள் யோசனை, முதல் முறை செய்பவர்கள் கலர் பெயிண்ட் அடித்த சாமானைத் தொடாமல், வார்னிஷ் அடித்ததை மட்டும் வாங்குங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் வழித்தெடுத்து, துணியோடு பையில் கட்டிப் போடுங்கள். கை கழுவி, சேலை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

வார்னிஷ் அடித்ததற்கு 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120, பிறகு 220. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷுக்குப் பிறகு பளிச்சென்று தெரியும். உப்புத்தாள் இல்லாத காலத்தில் சொரசொரப்பான பராய் மர இலையால் தேய்த்தார்கள். திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் அதுதான். ரமணரும் கொட்டாங்கச்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணம் செய்தவர். அந்தப் பொறுமை இதற்கு வேணும்.

தேய்த்ததில் வந்த மரத்தூளையே பெவிகாலில் குழைத்து வெடிப்பை அடையுங்கள். காய்ந்ததும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைப் பழைய பருத்தித் துணியால் மெல்லிசாகப் பல முறை பூசுங்கள். ஸ்பிரிட் குப்பென்று பற்றிக்கொள்ளும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மழை ஈரத்தில் பூசினால் வெள்ளை பூத்துவிடும். நல்லவேளை, சாமான் விலைக்கு வருவது மாசி, பங்குனி வெயிலில்தான். பிரம்புப் பின்னல் கிழிந்திருந்தால் கவலையே வேண்டாம். ஒயர் கூடை பின்னத் தெரிந்த கைக்கு நாற்காலி பின்னுவது கஷ்டமில்லை.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு, வாங்கியது 400 ரூபாய், ஆட்டோ 100, சாமான் 150, மொத்தம் 650. 900-க்கு விற்றால் 250 லாபம் என்று சொல்வோம். இரண்டு நாள் உழைப்பை யார் எழுதுவது? நாளுக்கு 300 என்று வைத்தாலே அடக்கம் 1,250 ஆகிறது. 900-க்குக் கொடுத்தால் 350 நஷ்டம். அதோடு பங்குனியில் வாங்கியதை அடுத்த சீசனில்தான் விற்போம் என்று வைத்திருந்தால், கார்த்திகை வரை 8 மாத வட்டி ஓடும்.

அதனால் முதல் நாற்காலியைச் சொந்தக் காசில் வாங்குங்கள், ஊர்க்காரர்களிடமே விலை கேட்டுப் பாருங்கள். இரண்டாவதற்குக் குழுக்கடன் வேண்டுமா என்பதை அது விற்ற பிறகு கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.