மங்கும் காணொளியும்

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களா? மங்கு பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாலை வாளியில் ஊற்றியதும் மங்கு அதே மரத்துக்குத் திரும்பும். தினமும் புது மங்கு யார் வாங்குவார்?

கைப்பேசியில் காணொளி ஓடும்போதும் இதே கேள்வி எழுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் நினைவகத்தில் புது இடம் கேட்பதா, பழைய இடத்தையே மீண்டும் நிரப்புவதா? இந்தத் தற்காலிக இடத்தைப் பஃபர் என்பார்கள்.

1920 x 1080 அளவுள்ள ஒரு படத்தில் 2,073,600 புள்ளிகள். வழக்கமான வண்ண முறையில் புள்ளிக்கு 1.5 பைட், ஆக, ஒரு படம் சுமார் 3.1 மெகாபைட். நொடிக்கு 30 படம் என்றால் 93 மெகாபைட். எதையும் திருப்பித் தராமல் புது இடமாகவே கேட்டால் 4 கிகாபைட் நினைவகம் 43 நொடியில் தீர்ந்துவிடும்.

திருப்பித் தந்தாலும் செலவு உண்டு. இயங்குதளம் நினைவகத்தைப் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்துத் தரும். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 760 பக்கங்கள். வேறொரு செயலியின் தகவல் கசியக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் சுழியமாக்கித்தான் கொடுக்கும்.

அதனால்தான் ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் பஃபர் குளம் என்ற ஏற்பாடு இருக்கிறது. வேலை முடிந்த பஃபர் குளத்துக்குத் திரும்பும். அடுத்த படம் அதிலேயே இறங்கும்.

ஆனால் வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்? மங்கில் பால் இன்னும் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். கணினிக்குக் கண் இல்லை. எச்.264 முறையில் ஒரு படத்தை உருவாக்க முந்தைய படங்கள் தேவைப்படலாம், அதிகபட்சம் 16. எனவே ஒவ்வொரு பஃபரையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று மென்பொருள் எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை சுழியமானால்தான் விடுவிக்கும். என் பார்வையில், வேகத்தைவிட இந்த எண்ணிக்கைதான் கடினமான பகுதி.

இன்னொன்று, மங்கு துடைப்பது. ஒட்டியிருக்கும் பழைய பாலை எடுக்காவிட்டால் புதுப் பால் கெடும். பஃபரிலும் பழையது தங்கும். இணையத்தில் தகவல் பாதி தொலைந்தால், முந்தைய காட்சியின் துண்டு திரையில் எட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது வெறும் தொல்லை. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஆபத்தானது. ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள், கேட்பவர் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியது. அனுப்பப்பட்டதோ சில எழுத்துகள். மீதியை நினைவகத்தில் கிடந்த பழைய தகவலால் நிரப்பி அனுப்பியது. கடவுச்சொற்களும் அதில் போகக்கூடும்.

பயிற்சி: 3840 x 2160 காணொளிக்கு 20 பஃபர்கள் கொண்ட குளம் எத்தனை மெகாபைட் பிடிக்கும்?