அலுவலகத்திற்கு வராத சக ஊழியர்

மென்பொருள் துறையில் உள்ள சிறு நிறுவனங்கள், தங்கள் ஊரிலேயே ஆள் தேடும் வழக்கத்தை இன்று பெரிதும் கைவிட்டு வருகின்றன. நாக்பூரில் பத்துப் பேருடன் இயங்கும் ஒரு நிறுவனம், குவாஹாட்டியில் ஒருவரையும் திருவனந்தபுரத்தில் ஒருவரையும் பணியமர்த்துவதாகக் கொள்வோம். அனைவருமே வீட்டிலிருந்து பணியாற்றும் நிறுவனத்தை நடத்துவதைவிட, இத்தகைய கலப்பு அமைப்பை நடத்துவது கடினம். ஒரே கூரையின்கீழ் இருக்கும் பத்துப் பேருக்குள் செய்தி தானாகவே பரவிவிடுகிறது. வெளியில் இருக்கும் இருவருக்கும் அது எட்டுவதில்லை. எட்டவில்லை என்பதும் எவர் கவனத்திற்கும் வருவதில்லை.

அந்த நிறுவனம் கடைகளுக்கான பில் மென்பொருளைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் தள்ளுபடி. வரி 18 விழுக்காடு. தள்ளுபடியைக் கழித்த பின் வரி கணக்கிட்டால் வாடிக்கையாளர் செலுத்த வேண்டியது 1,062 ரூபாய். முழு விலைக்கும் வரி கணக்கிட்டுவிட்டுப் பின்னர் 100 ரூபாயைக் கழித்தால் 1,080 ரூபாய். பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடிக்கு முதல் முறையே ஜி.எஸ்.டி. சட்டப்படி சரியானது. விற்பனைப் பிரிவினர் இதனைத் தேநீர் இடைவேளையில் சுட்டிக்காட்ட, அருகிலிருந்த பொறியாளர் அன்று மாலையே தம் பகுதியைத் திருத்திவிடுகிறார். குவாஹாட்டியில் இருப்பவரோ பழைய முறையிலேயே மேலும் ஒரு வாரம் எழுதுகிறார். பிழை வெளிப்படும்போது, 'வெளியூர் ஆட்களுக்குப் புரிவதில்லை' என்ற பேச்சு எழுகிறது. அவருக்கு யாருமே சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

ஆகவே, புதியவரைப் பழக்குவதற்கு முன்பு பழையவர்களின் வழக்கத்தை மாற்றியாக வேண்டும். வாய்மொழியாக எடுக்கப்பட்ட எந்த முடிவும், எழுதி வைக்கும் வரை முடிவு ஆகாது என்பதை நிறுவன உரிமையாளர் முதலில் தமக்கே விதித்துக்கொள்ள வேண்டும். எழுதும் இடம் ஒன்றாகவே இருக்க வேண்டும். பாதி வாட்ஸ்அப்பிலும் பாதி மின்னஞ்சலிலும் கிடந்தால், எழுதியும் பயனில்லை.

இவ்வழி புதிதன்று. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலரின் உழைப்பால் வளர்ந்தது. அவர்களுடைய விவாதங்கள் பெரும்பாலும் மின்னஞ்சலில், எழுத்து வடிவில் நடந்தன. அப்பணிக்கெனவே அவர் 2005-இல் 'கிட்' என்னும் கருவியை உருவாக்கினார். எந்த வரியை, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பதிந்து வைக்கும் அக்கருவி இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தியும் வருகின்றன. ஆனால் 'ஏன்' என்ற இடத்தில் 'சிறு திருத்தம்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வோரே மிகுதி. தொலைவில் இருப்பவருக்கு மிகவும் தேவையானது அந்த ஒரு வரிதான்.

புதியவரைச் சேர்க்கும் காலமும் முக்கியம். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருள் திட்டமொன்றுக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கணக்கு எளிது. பத்துப் பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைகள் 45. பன்னிரண்டு பேர் ஆனால் 66. எனவே நெருக்கடி வரும்வரை காத்திராமல், வேலை சீராக இருக்கும்போதே ஆள் சேர்ப்பது நலம். முதல் நாளுக்கு முன்பே மடிக்கணினியும் அனுமதிகளும் அவர் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே, சிறியதாயினும் வாடிக்கையாளரைச் சென்றடையும் உண்மையான திருத்தம் ஒன்றை அவரிடம் ஒப்படைக்கலாம். தயங்காமல் ஐயம் கேட்பதற்கு ஒருவரை நியமிக்க வேண்டும். அலுவலகத்திலேயே அதிக வேலைப்பளு உடையவரை அதற்கு நியமிப்பது வீண்.

நாடு முழுதும் ஒரே கடிகாரம் என்பது நமக்கு வசதி. எனினும் டிசம்பரில் குவாஹாட்டியில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டிய நேரம் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை என்று வைத்துக்கொண்டு, மற்றதை அவரவர் வசதிக்கு விடலாம். சுட்டியின் அசைவை அளந்து ஊழியரைக் கண்காணிக்கும் மென்பொருள்களை வாங்காதிருப்பதே நல்லது. அவை சுட்டியை அசைக்கும் திறமையை மட்டுமே வளர்க்கும்.

பலர் கவனிக்கத் தவறும் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பே. மாற்று ஒப்பந்தம் இல்லாத வரை, ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதிய நிரல் நிறுவனத்துக்கு உரியது. ஒப்பந்த அடிப்படையில் எழுதித் தருபவர் ஊழியர் அல்லர். எழுத்து மூலம் மாற்றித் தராத வரை, தாம் எழுதிய நிரலின் பதிப்புரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். கட்டணம் முழுவதையும் செலுத்திவிட்டதாலேயே உரிமை மாறிவிடாது. மாற்றித் தரும் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்கும்போதோ, முதலீட்டாளர் ஒருவர் ஆவணங்களைப் பார்க்கும்போதோ 'இந்த நிரல் யாருடையது?' என்ற கேள்வி கட்டாயம் எழும். ஊழியரா, ஒப்பந்ததாரரா என்பதைப் பொறுத்தே வரிப் பிடித்தமும் வருங்கால வைப்பு நிதிப் பொறுப்பும் அமையும். ஆகையால் பணியமர்த்தும் முன்பே ஆடிட்டரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிவது நன்று.

தரவுப் பாதுகாப்பிலும் தளர்ச்சி கூடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனம் வேறொருவரைக் கொண்டு தகவல்களைக் கையாண்டாலும் பொறுப்பை நிறுவனத்தின் மீதே சுமத்துகிறது. எனவே வாடிக்கையாளரின் உண்மைத் தகவல்கள் எவருடைய சொந்தக் கணினிக்கும் செல்ல வேண்டியதில்லை. சோதனைக்கெனப் புனைந்த தகவல்களே போதும். கடவுச்சொல் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். விலகிச் செல்பவரின் அனுமதிகள் அன்றே நீக்கப்படட்டும்.

ஆண்டுக்கு இருமுறையேனும் வெளியூர் ஊழியர்களை அலுவலகத்துக்கு வரவழைப்பதற்கான பயணச் செலவை, சம்பளக் கணக்குடன் சேர்த்தே ஒதுக்கிவிடலாம். ஆண்டு விழாவுக்கு அழைப்பதைவிட, அடுத்த ஆறு மாத வேலையைத் திட்டமிடும் வாரத்தில் அழைப்பதே மேல். அப்போது அவர்களும் அந்தத் தேநீர் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள்.