தேங்காய் எண்ணெயும் நம்ம வீடும்



காலையில் பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போது நம் எல்லோருடைய தலையும் பளபளன்னு இருக்கும். அதற்குக் காரணமான பொருளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். நம் ஊரில் பாதி வீடுகளுக்கு அது வெறும் எண்ணெய் மட்டும் இல்லை, சோறும்கூட. எங்க அம்மா தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறார்கள். அதனால் முதலில் களத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. காங்கேயம் பக்கம் ஏன் இத்தனை களம்?

தென்னை அதிகமாக இருப்பது பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம். கேரளாவிலும் அதிகம். ஆனால் தேங்காய் லாரி லாரியாக நம் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம்தான் வருகிறது. ஏன் தெரியுமா? இங்கே மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். கொப்பரை காய வேறென்ன வேண்டும்? "மழை வரலைன்னு ஊரே அழுகும், களத்துக்காரங்க மட்டும் அழமாட்டாங்க" என்று எங்க அமுச்சி கேலியாகச் சொல்லும்.

களத்தில் மட்டை உரித்த தேங்காயை இரண்டாக உடைப்பார்கள். தொட்டியோடு (கொட்டாங்குச்சியோடு) வெயிலில் வைப்பார்கள். கொஞ்சம் காய்ந்ததும் பருப்பு சுருங்கி விட்டுக்கொடுக்கும். அப்போது நெம்பி எடுத்து, மறுபடியும் சில நாள் காயவைப்பார்கள். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் 6 சதவீதம் அளவுதான் ஈரம் இருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு ஈரலுக்குக் கெடுதல். அதனால்தான் வானம் லேசாகக் கறுத்தாலே களத்தில் எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

100 கிலோ நல்ல கொப்பரையை ஆட்டினால் 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய் கிடைக்கும். மீதி புண்ணாக்கு, மாட்டுக்குப் போகும். தொட்டி கரியாகும், மட்டை கயிறாகும். வீணாகப் போவது எதுவும் இல்லை.

2. மார்கழியில் ஏன் உறைகிறது?

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம் என்ற ஒன்று. நிறைவுற்ற கொழுப்பின் மூலக்கூறுகள் நேராக இருப்பதால், செங்கல் அடுக்குவது போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதனால் சுமார் 24, 25 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வெள்ளையாகக் கட்டியாகிவிடும். கடலை எண்ணெயில் பெரும்பாலான மூலக்கூறுகள் வளைந்து இருக்கும், எளிதில் அடுக்க முடியாது. அதனால் அது நம் ஊர்க் குளிருக்கு உறையாது.

அறிவியல் டீச்சரிடம் அனுமதி வாங்கி நாங்கள் மூன்று பேர் இதைச் செய்து பார்த்தோம். மூன்று சோதனைக் குழாய். ஒன்றில் செக்கில் வாங்கிய தேங்காய் எண்ணெய், ஒன்றில் கடலை எண்ணெய், மூன்றாவதில் இரண்டும் பாதிப் பாதி. ஐஸ் போட்ட தண்ணீரை 15 டிகிரியில் வைத்து, அதில் மூன்றையும் நிறுத்தினோம். முதல் குழாய் மெழுகு மாதிரி ஆனது. இரண்டாவது அப்படியே ஓடியது. மூன்றாவது கஞ்சி மாதிரி கலங்கி நின்றது. பிறகு ஐஸை எடுத்துவிட்டு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். முதல் குழாய் 24-க்கும் 26-க்கும் நடுவில் உருகிவிட்டது.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். உறைந்தாலே சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. பனங்கொட்டைப் பருப்பு எண்ணெயும் கிட்டத்தட்ட இதே வெப்பநிலையில்தான் உறையும். அதைக் கலந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். "உறையாவிட்டால் சந்தேகப்படு, உறைந்தால் மட்டும் நம்பிவிடாதே" என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.

3. வீட்டில் எதற்கெல்லாம்?

சமையலுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் குழம்பு, பொரியல், நேந்திரம் சிப்ஸ் எல்லாம் இதில்தான். நம் பக்கம் சமையலுக்குக் கடலெண்ணெய், தீபாவளிக் குளியலுக்கு நல்லெண்ணெய், தினமும் தலைக்குத் தேங்காயெண்ணெய் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆப்பச்சட்டியிலும் இட்லித் தட்டிலும் தடவ மட்டும் எங்க வீட்டில் இதை எடுப்பார்கள்.

கைக்கு: பலாப்பழம் அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் தடவிக்கொண்டால் பிசின் ஒட்டாது. வாழைப்பூ ஆய்வதற்கும் அப்படியே. எண்ணெயைக் கரைக்க எண்ணெயே வேண்டும். பலாப் பிசின், பெயின்ட், ஸ்டிக்கர் பொட்டின் பசை எல்லாம் தண்ணீரில் கரையாதவை. எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். புதுச் சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் இதே வைத்தியம்தான்.

இரும்புக்கு: அரிவாள்மனை, கதவுக் கீல், பூட்டு, தையல் கத்தரி. மெல்லிசாகத் தடவி வைத்தால் ஈரக்காற்று இரும்பில் படாது, துரு ஏறாது. தையல் மிஷினுக்கு மட்டும் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகி, பல்சக்கரம் இறுகிவிடும். அதற்குத் தனியாக மிஷின் எண்ணெய் இருக்கிறது.

தோலுக்கு: குளிர்காலத்தில் உதடு வெடிப்பு, குதிகால் வெடிப்பு, முழங்கை வறட்சி. குளித்துத் துடைத்த உடனே, ஈரம் முழுதாகப் போவதற்குள் தடவினால் நல்லது. ஈரம் ஆவியாகாமல் எண்ணெய் மூடி வைத்துக்கொள்ளும்.

4. தலைமுடிக்கு நிஜமாகவே நல்லதா?

2003-ல் ரேலே, மொஹிலே என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்தார்கள். முடி புரதத்தால் ஆனது. துவைக்கும்போதும் சீவும்போதும் அந்தப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான் என்று கண்டார்கள். லாரிக் அமிலம் சின்னதாகவும் நேராகவும் இருப்பதால் முடிக்குள்ளே நுழைய முடிகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தவர்கள். இதையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

கவனியுங்கள், இருக்கிற முடி உடையாமல் இருக்கும் என்றுதான் அது சொல்கிறது. புதிதாக முடி முளைக்கும் என்று சொல்லவில்லை. பேன் தொல்லைக்கும் எண்ணெய் மட்டும் பத்தாது. எண்ணெய் தடவினால் பேன் நகர்வது மெதுவாகும், அப்போது ஈர்கொல்லிச் சீப்பால் பொறுமையாகச் சீவி எடுப்பதுதான் வேலை. பொடுகு நிறைய இருக்கிறவர்கள் மேலும் மேலும் எண்ணெய் வைத்தால் பொடுகு கூடவும் செய்யும்.

5. இதற்கு மட்டும் வேண்டவே வேண்டாம்

இந்தப் பகுதியை எல்லோரும் வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

அ) சுட்ட புண்: எங்கள் தெருவில் ஒரு பாப்பாவின் கையில் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது. பதறிப்போய்த் தேங்காயெண்ணெயைத்தான் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் அந்த எண்ணெயைத் துடைத்து எடுக்கும்போது பாப்பா கதறிய கதறலை அவளுடைய அம்மா இன்றும் சொல்லி அழுவார்கள். எண்ணெய், சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சுட்டுவிட்டால் உடனே குழாயடியில் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மை வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆ) கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது: மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சல் மாதிரி பெரிய வியாதி வரும். சீழ் வடிகிற காதிலும் விடக் கூடாது.

இ) "எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லது" என்று நம்புவது: நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். 2017-ல் அமெரிக்க இதய சங்கம் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கச் சொன்னது. நம் வீட்டில் சமைத்தாலும் அளவோடு, மற்ற எண்ணெய்களோடு மாற்றி மாற்றிச் சமைக்கலாம்.

6. கடையில் ஒரு கணக்கு

தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 1 லிட்டர் எடை போட்டால் சுமார் 920 கிராம்தான் இருக்கும். ஆகவே 1 கிலோ என்பது 1 லிட்டரைவிட ஏறக்குறைய 85 மில்லி அதிகம். ஒரு கடையில் லிட்டர் விலை, இன்னொரு கடையில் கிலோ விலை என்றால் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது விலை. 2025-க்கு மத்திய அரசு அறிவித்த ஆட்டும் கொப்பரையின் ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அதாவது கிலோ 116 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த ஆண்டு நடுவில் சந்தையில் கொப்பரை கிலோ 200 ரூபாயையே தாண்டியது. காய் குறைந்ததுதான் காரணம். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து சேர்ந்த சுருள் வெள்ளை ஈயும், வேர்வாடல் நோயும் நிறைய மரங்களைக் கெடுத்துவிட்டன.

இப்போது கணக்குப் போடுவோம். கிலோ 200 ரூபாய் என்றால் 100 கிலோ கொப்பரை 20,000 ரூபாய். கிடைக்கும் எண்ணெய் 62 கிலோ என்று வைத்தால் ஒரு கிலோ எண்ணெய்க்குக் கொப்பரைச் செலவு மட்டும் சுமார் 322 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், ஆட்டுக்கூலி, கரண்டு, பாட்டில் எல்லாம் மேலே சேரும். அந்த நேரத்தில் ஒருவர் கிலோ 200 ரூபாய்க்குச் "சுத்தமான தேங்காய் எண்ணெய்" தருகிறேன் என்றால், அந்த பாட்டிலுக்குள் வேறு எண்ணெய்தான் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும், ஏமாறாமல் இருக்கலாம்.

சமையலுக்கு வாங்கினால் பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கா, சமையலுக்கா என்ற இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது தெரியுமா? சின்ன பாட்டிலில் விற்றால் அது தலை எண்ணெய், அதிக வரி கட்டு என்றது வரித்துறை. சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சின்ன பாட்டிலில் அடைத்ததாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது, தலை எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்றால்தான் ஆகும் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18 சதவீதம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் 5 சதவீதமே ஆகிவிட்டது.

7. முடிவாக

விலை ஏறினால் களத்துக்காரங்களுக்கு லாபம் என்று நினைப்போம். ஆனால் காய் வராவிட்டால் களம் காலியாகக் கிடக்கும், அம்மாவுக்கு அந்த நாள் கூலி இல்லை. ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்டு வருகிறார்கள். கொடுத்தால் யாருக்கு நன்மை, செலவு எவ்வளவு ஆகும் என்று சமூக அறிவியல் வகுப்பில் பேசலாமே! மரம் நன்றாக இருந்தால்தான் களமும் செக்கும் நம் வீட்டுக் கிண்ணமும் நிறையும். வீட்டில் இரண்டு தென்னை இருந்தாலும், ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுருள் தெரிகிறதா என்று பார்த்து, இருந்தால் வேளாண்மை அலுவலகத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

யோசித்து விடை எழுதுங்கள்

1. 5 கிலோ தேங்காய் எண்ணெய் எத்தனை லிட்டர் வரும்?
2. மார்கழியில் உறைந்த எண்ணெய் கெட்டுப்போனதா? காரணம் கூறுக.
3. கையில் சுட்டுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

விடைகளைத் தாளில் எழுதி, நூலக அலமாரி மேலே இருக்கும் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் சரியான விடையையும் எழுதியவர்களின் வகுப்பையும் வெளியிடுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி