அத்தான் பங்குதாரர் ஆக முடியாது

அன்புள்ள மருமகனுக்கு,

தென்காசியிலேயே ஆடிட்டர் அலுவலகம் திறக்கப்போகிறாய் என்று அக்கா சொன்னதில் மாமாவுக்கு மிகுந்த சந்தோஷம். 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமான ஊர். விவரம் தெரிந்த பிள்ளைகள் இங்கேயே தங்கினால்தான் நல்லது. ஆனால் நீ அனுப்பிய திட்டத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நீ, உன் வக்கீல் நண்பன், முதல் போடும் அத்தான், மூவருக்கும் சம பங்கு. இது சட்டத்தில் நிற்காது.

ஆடிட்டர் தொழிலைக் கம்பெனி நடத்தவே கூடாது என்கிறது 1949-ம் ஆண்டின் சி.ஏ. சட்டத்தின் 25-வது பிரிவு. 2012-ல் வந்த திருத்தம் எல்.எல்.பி.க்கு, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனத்துக்கு, வழி விட்டது. அந்த எல்.எல்.பி.யிலும் ஒரு கம்பெனி பார்ட்னராக நுழைந்தால் வழி அடைபட்டுவிடும். லாபத்தில் அத்தானுக்குப் பங்கு கொடுப்பது, அவர் உன் சொந்த அப்பாவே ஆனாலும், அதே சட்டத்தின் முதல் அட்டவணைப்படி தொழில் ஒழுங்கீனம்.

வக்கீல் நண்பன் விஷயம் இன்னும் விசித்திரம். சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டின் ஒழுங்குமுறைகளில் யாரைப் பார்ட்னராகச் சேர்க்கலாம் என்ற பட்டியலில் கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுன்டன்ட், ஆர்க்கிடெக்ட் ஆகியோருடன் வக்கீலும் இருக்கிறார். உன் பக்கம் தடை இல்லை. அவன் பக்கம் இருக்கிறது: வக்கீல் அல்லாத எவரோடும் கூட்டுச் சேரவோ, கட்டணத்தைப் பகிரவோ கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நீ கை நீட்டலாம். அவன் பிடித்தால் அவனுடைய சன்னதுக்கே ஆபத்து.

‘ஆலோசனை மையம்’ என்று பெயரை மாற்றினால் போதாதா என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏ.கே. பாலாஜி வழக்கைப் படித்துப் பார். வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாமா என்ற கேள்வியோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, 2018 மார்ச் 13-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. பி.பி.ஓ. என்றோ வேறு எதுவோ பெயர் வைத்துக்கொண்டாலும், செய்கிற வேலை சாராம்சத்தில் வக்கீல் தொழிலாக இருந்தால் வக்கீல்கள் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு சொன்னது.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் மெடிக்கல் ஷாப் வைப்பவர் பார்மசிஸ்டாக இருக்க வேண்டியதில்லையே என்பாய். உண்மைதான். கடை யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் சீட்டு பார்த்து மருந்து கொடுக்கும்போது பதிவு பெற்ற பார்மசிஸ்ட் அங்கே இருந்தாக வேண்டும். பல ஊர்களில் நடப்பது வேறு: கண்ணாடிச் சட்டத்தில் சான்றிதழ் சுவரில் தொங்கும், அதற்குரியவர் வேறெங்கோ இருப்பார், மாதாமாதம் சான்றிதழுக்கு வாடகை போகும். காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி வருகிற தாய்க்கு இது தெரியாது. முதல் போட்டவர் ஒருவர், பொறுப்பு ஏற்க வேண்டியவர் இன்னொருவர் என்று ஆனால் வரக்கூடிய கேடு இதுதான்.

மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ வந்தபோது யார் பங்கு வைக்கலாம் என்ற கேள்வியே எழவில்லை. மென்பொருள் எழுத லைசென்ஸ் தேவையில்லை. யாரும் பங்கு வைக்கலாம். உன் தொழில் அப்படியல்ல. ஒரு மரக்கடைக்காரரின் பேலன்ஸ் ஷீட்டில் நீ கையெழுத்துப் போட்டு யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க ஆவண அடையாள எண்ணைக் குறிப்பிட்டால், அதை நம்பித்தான் பேங்க் மேனேஜர் கடன் கொடுக்கிறார். அந்த மரக்கடைக்காரரோ அவருடைய பங்காளியோ உன் அலுவலகத்தில் பங்கு வைத்திருந்தால் அந்தக் கையெழுத்தை யார் நம்புவார்?

மற்ற நாடுகள் வெவ்வேறு இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. கலிபோர்னியாவின் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி, டாக்டர்களின் தொழில்முறைக் கம்பெனியில் குறைந்தது 51 சதவீதம் டாக்டர்களிடம் இருக்க வேண்டும். மீதியும் சட்டம் பட்டியலிட்ட பிற லைசென்ஸ்காரர்களுக்குத்தான். இங்கிலாந்து 2007-ம் ஆண்டுச் சட்டத்தில் வக்கீல் நிறுவனங்களுக்கு வெளியாரின் முதலீட்டை அனுமதித்தது. அமெரிக்காவின் அரிசோனா 2021-ல் அதே வழிக்கு வந்தது. மாமாவின் கருத்து இது: வெவ்வேறு தொழில்களில் தகுதி பெற்றவர்கள் கூட்டுச் சேர்வதை நம் நாடும் அனுமதிக்கலாம். பணம் மட்டும் போடுகிறவரை உள்ளே விடக் கூடாது.

ஆகவே இப்படிச் செய். உன்னோடு சி.ஏ. முடித்த யாரையாவது பார்ட்னராகச் சேர்த்து எல்.எல்.பி. தொடங்கு. வக்கீல் நண்பன் பக்கத்து அறையில் தன் போர்டை மாட்டட்டும். அவன் பில் தனி, உன் பில் தனி, ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் கிடையாது. அத்தான் உனக்குக் கடன் கொடுக்கலாம், வட்டியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் அவருடையதென்றால் வாடகையும் வாங்கட்டும், ஆனால் நிர்ணயித்த தொகையாக. உன் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் வரவே கூடாது. வேறு யார் பெயரிலாவது அவருக்குப் பங்கு ஒதுக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடு.

நிறுவனப் பெயருக்கு இன்ஸ்டிட்யூட் ஒப்புதல் வரும்வரை போர்டு எழுதக் கொடுக்காதே. பத்திரத்தின் நகலைக் கையெழுத்துப் போடும் முன் மாமாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா